வீடு இழுக்கும் அபூ மதர்

ஜோர்டானில் இருக்கிற எங்கள் அகதி முகாமில் வீடு மாறுகிறார்கள் என்றால் சட்டி பானையைத் தூக்கிக்கொண்டு இன்னொரு வீட்டுக்குப் போகிறார்கள் என்று அர்த்தமில்லை. வீடே போகும். காகிதத்தில் அதற்குக் கேரவன் என்று பெயர். இரண்டு தகரத்துக்கு நடுவே பஞ்சு வைத்து அடித்த பெட்டி, ஒரு கதவு, இரண்டு சன்னல். அதைச் சிமெண்டுக் கல்லிலிருந்து கிளப்பிச் சக்கரத்தில் ஏற்றி, கேட்ட இடத்தில் இறக்கிக் கொடுக்கிறவர்கள் ஆறு பேர் இருந்தார்கள். அவர்களில் முதலில் தொடங்கியவரும், முதலில் தொடங்கியது தான்தான் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தவரும் என் அக்காவின் கணவர் நவ்வாஃப். மூத்த மகன் பெயர் மதர் என்பதால் ஊருக்கு அவர் அபூ மதர், மதரின் அப்பா. நானும் அப்படித்தான் கூப்பிடுவேன்.

நான் உம் ஹைதம், ஹைதமின் அம்மா. சந்தைத் தெருவில் கல்யாண உடுப்பு வாடகைக்குக் கொடுக்கிறேன். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பார்கள். வரும்தான், இல்லையென்று சொல்லவில்லை. அபூ மதரைப் பற்றிச் சொல்லும்போது நடுவில் இரண்டு திட்டு விழுந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எல்லைக்கு அந்தப் பக்கம், நவா ஊரில், வயலில் நின்றுபோன டிராக்டர்களை இழுத்துக்கொண்டு வந்து பட்டறையில் விடுவது அவர் வேலை. இங்கே வந்த முதல் குளிர்காலத்தில் முகாம் வேலியின் இரும்புக் குழாய்கள் நாலைந்து காணாமல் போயின. "நான் புடுங்கல. அதுங்களே சாஞ்சு கெடந்துச்சு" என்பார். லாரிச் சக்கரம் நான்கை எங்கேயோ பிடித்தார். இழுவண்டி தயாராகிவிட்டது. ஜாக்கி வைத்து வீட்டைத் தூக்கி, வண்டியை அடியில் செருகி, பதினைந்து ஆட்கள் தள்ளுவார்கள். வீட்டுக்காரி உள்ளே தேநீர்க் கோப்பைகளை மடியில் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். இவர் வண்டிக்கு முன்னால் பின்பக்கமாக நடந்துகொண்டே தொண்டை கிழியக் கத்துவார்.

"மெதுவாடா! உள்ள மனுஷி இருக்கா, கோதுமை மூட்டை இல்ல!"

எதற்கு இந்தப் பாடு என்று முகாம் அலுவலகத்துக்காரர்கள் கேட்பார்கள். பதிவு செய்த வரிசைப்படி வீட்டைக் கொடுத்துவிட்டார்கள். அம்மா இரண்டாம் வட்டத்தில், மகள் பதினோராம் வட்டத்தில். நடுவே ஒரு மணி நேர நடை, தூசி, நாய். எங்கள் ஊர்ப்பக்கமான ஹவ்ரான் ஜனங்கள் அண்ணன் தம்பி வீட்டுச் சுவரில் சுவர் ஒட்டி வாழ்ந்தவர்கள். இரண்டு பெட்டியை எதிரும் புதிருமாக நிறுத்தி நடுவில் முற்றம் விட்டால்தான் அது எங்களுக்கு வீடு. என்னிடம் உடுப்பு எடுக்க வருகிற பெண் வீட்டார் அடுத்துப் போவது அபூ மதரிடம்தான்.

அவர் என் அக்காவுக்காகவும் ஒரு வீட்டை இழுத்தார். அதில்தான் வந்தது வினை.

என் அக்கா ஃபித்தாவுக்கு இளைப்பு நோய். இங்கே புழுதிக் காற்று எழுந்தால் அவளுக்கு மூச்சு விசில் அடிக்கும், உதடு நீலமாகும். அபூ மதர் பகல் முழுக்க யாருடைய வீட்டையாவது தள்ளிக்கொண்டிருப்பார். பிள்ளைகள் ஒருவன் ஜெர்மனியில், ஒருவன் இங்கே இர்பித் நகரத்தில் கட்டட வேலையில். அதனால் அவர் ஐந்தாம் வட்டத்தில் இருந்த தன் வீட்டைக் கொண்டுவந்து எட்டாம் வட்டத்தில் என் வீட்டுக்கு எதிரே நிறுத்தினார். எனக்கு ராத்திரி அவள் இருமல் மாறினால்கூடக் கேட்கும். நான்கு எட்டு வைத்தால் அவள் கட்டிலுக்குப் போய்விடுவேன்.

அடுத்த வசந்தத்தில் ஒரு நாள் காலை பத்து மணிக்கு அவளுக்கு மூச்சு முட்டியது. மருந்துப் பம்பை நாலு முறை அடித்தும் அடங்கவில்லை. ஆம்புலன்ஸ் எண்ணுக்குப் போன் செய்தேன். வீட்டு எண் கேட்டார்கள். கதவுக்குப் பக்கத்தில் கறுப்பு மையில் எழுதியிருந்ததைப் படித்தேன்: ஐந்து, இருநூற்றுப் பதினான்கு. ஆம்புலன்ஸ் வரைபடத்தைப் பார்த்து நேராக ஐந்தாம் வட்டத்துக்குப் போயிற்று. அங்கே இருநூற்றுப் பதினான்கு இருந்த இடத்தில் ஒரு கக்கூஸ் சுவரும் மூன்று கோழிகளும்தான் இருந்தன. "அந்த வீடு எங்க?" என்று கேட்ட டிரைவரிடம் ஒரு கிழவர், "அது போயி ஒரு வருஷமாச்சே" என்றாராம்.

ஐம்பத்தைந்து நிமிடம். ஒரு சைக்கிளைப் பிடுங்கிக்கொண்டு நானே போய் அந்த வண்டியைத் தேடிக் கூட்டி வந்தேன். எண்ணைப் படித்தவள் நான். வீடு நகர்ந்தது தெரிந்தும் சுவரில் எழுதியதை அப்படியே ஒப்பித்தவள் நான். ஃபித்தா பிழைத்தாள். ஆனால் அதற்குப் பிறகு பத்தடி நடந்தால் நிற்க வேண்டியிருந்தது. அந்த ஐம்பத்தைந்து நிமிடத்தை நான் இன்றுவரை யாருக்கும் மன்னிக்கவில்லை, எனக்கும் சேர்த்துத்தான்.

அதன் பிறகு அலுவலகம் விழித்துக்கொண்டது. எல்லோருக்கும் உதவுகிற புதுச் செயலி ஒன்று போனில் வருகிறது, மக்கள் கருத்தைக் கேட்டுத்தான் செய்யப் போகிறோம் என்றார்கள். பெரிய கூடாரத்தில் கூட்டம். ஆளுக்கொரு பழச்சாறு டப்பா, ஒரு பிஸ்கட் பாக்கெட், மஞ்சள் காகிதத் துண்டு ஒன்று. சுவரில் இரண்டு படம் ஒட்டியிருந்தது. உதவி கேட்கும் பட்டன் பச்சையா, நீலமா? பிடித்த படத்துக்குக் கீழே காகிதத்தை ஒட்ட வேண்டும். இருநூறு பேர் வரிசையில் நின்று ஒட்டிக்கொண்டிருந்தார்கள்.

அபூ மதர் காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்தார். "வண்டிக்கு என்ன சாயம் அடிக்கலாம்னு கேக்கறீங்க. வண்டிக்குச் சக்கரம் எங்கேய்யா?"

மொழிபெயர்ப்பாளன் அதை என்னவென்று சொன்னானோ, மேடையில் இருந்தவர்கள் புன்னகை செய்து குறித்துக்கொண்டார்கள். கடைசியில்தான் கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது. செயலி சரியாக வேலை செய்ய வேண்டுமென்றால் வரைபடமும் தரையும் ஒத்துப்போக வேண்டும். ஆகவே இரண்டு மாதத்துக்குள் எல்லா வீடுகளும் அவற்றின் பழைய இடத்துக்குத் திரும்ப வேண்டும். பிறகு தரையில் போல்ட் போட்டு இறுக்கப்படும். இழுவண்டிகள் பறிமுதல்.

கூடாரத்தில் சத்தம் எழுந்தது. ஃபித்தா என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் நின்றால் சத்தம் அடங்கும், ஏனென்றால் அவள் பேச மூச்சு சேர்க்கிற நேரம் எல்லோருக்கும் தெரியும்.

"என்னைய ஐந்தாம் வட்டத்துக்கு அனுப்பறீங்க. சரி. அங்க என் தங்கச்சி இருக்க மாட்டா. சரி. எனக்கு மூச்சு முட்டுது. நான் போனைத் தொறந்து, படத்தைத் தேடி, பட்டனை அமுக்கி, அப்புறம் ஒரு பொண்ணு கேக்கும், நான் வாயத் தொறந்து ஐந்தாம் வட்டம், இருநூத்திப் பதினாலுன்னு சொல்லணும். அவ்வளவு வாயத் தொறக்க முடிஞ்சா எனக்கு எதுக்குய்யா ஆம்புலன்ஸ்?"

கூடாரமே சிரித்தது. மேடையில் ஓரமாக உட்கார்ந்திருந்த ஒருத்தி மட்டும் சிரிக்காமல் எழுதிக்கொண்டிருந்தாள். லுப்னா, இர்பித்துக்காரி, அந்தச் செயலியைச் செய்கிற எஞ்சினியர். மறுநாள் காலையில் எங்கள் முற்றத்தில் வந்து நின்றாள்.

"உம் மதர், நேத்து நீங்க சொன்னதைத் திரும்பச் சொல்லுங்க. மூச்சு முட்டறப்ப உங்களால என்ன செய்ய முடியும்?"

"விரலை அசைக்கலாம்" என்றாள் ஃபித்தா. "அதுவும் ஒரு விரல்."

"இவளால எனக்கு ஒரு மிஸ்டு கால் குடுக்க முடியும்" என்றேன் நான். "போன்ல ரெண்டுங்கற பட்டனை அமுக்குனா என் நம்பருக்கு வரும். ஒரு ரிங் வந்தா நான் ஓடணும்."

முகாமில் எல்லோரும் அப்படித்தான். போனில் காசு போட வழியில்லை. மற்ற வீடுகளில் ஒரு ரிங் என்றால் பத்திரமாக வந்து சேர்ந்தேன், இரண்டு என்றால் ரொட்டி வாங்கிக்கொண்டு வா, மூன்று என்றால் சண்டை, கூப்பிடு. லுப்னா தன் குறிப்பேட்டை மூடினாள். பிறகு, "எட்டு மாசமா அந்தப் பட்டனைச் செஞ்சிக்கிட்டிருக்கேன்" என்றாள். பாவமாகத்தான் இருந்தது.

அபூ மதர் இதுதான் சமயம் என்று ஆரம்பித்தார். "வீட்டைப் பழைய எடத்துக்குக் கொண்டுபோக வேண்டாம் மகளே. எந்த வீடு எங்க இருக்குன்னு நான் சொல்றேன். எல்லாம் இங்க இருக்கு" என்று நெற்றியைத் தட்டினார்.

லுப்னா நல்ல கெட்டிக்காரி. தலையாட்டிவிட்டுப் போகாமல், தன் பட்டியலிலிருந்து பத்து எண்ணை எடுத்து, "சொல்லுங்க பாப்போம்" என்றாள். அவர் கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொன்றாகச் சொன்னார். இது ஹரீரி வீட்டுக் கல்யாணத்தில் நகர்ந்தது, இது மாமியார் சண்டையில் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போயிற்று, இது மின்கம்பத்துக்காக. சாயந்திரம் வரை இருவரும் நடந்து பார்த்தார்கள். பத்தில் ஏழுதான் சரி. மூன்று வீடு அவர் சொன்ன இடத்தில் இல்லை.

அன்று அவர் சாப்பிடவில்லை. "அந்த மூணும் அபூ ஷிஹாப் இழுத்தது" என்றார் கடைசியில், பல்லைக் கடித்துக்கொண்டு.

"உங்களுக்கு முன்னாடியே தெரியாதா? ஆறு பேரு இழுக்கறீங்க, ஒரு மண்டையில எப்படி எல்லாம் இருக்கும்?" என்றேன்.

"அவன் வீடு இழுக்கறது, களவு போறது மாதிரி. யாருகிட்டயும் சொல்ல மாட்டான்."

வீடு இழுக்கும் ஆறு பேரில் இன்னொருவரான அபூ ஷிஹாபும் இவரும் பேசி இரண்டு வருடம் ஆகியிருந்தது. அவர் கூலி பேசி முடித்த ஒரு வீட்டை இவர் விடியற்காலையில் போய் இழுத்துவிட்டார். தப்பு இவருடையதுதான். நானே சொல்லியிருக்கிறேன். ஆனால் திரும்ப ஐந்தாம் வட்டம் என்றால் ஃபித்தா என்னாவாள் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். மறுநாள் வெள்ளைத் துணியைத் தலையில் சரியாகக் கட்டிக்கொண்டு அபூ ஷிஹாப் வீட்டுக்குக் கிளம்பினார். லுப்னாவும் நானும் பின்னால் போய்த் திரைக்கு அந்தப் பக்கம் பெண்களோடு உட்கார்ந்து இடுக்கு வழியாகப் பார்த்தோம்.

வந்தவன் எதிரியானாலும் காப்பி ஊற்றுவதுதான் முறை. அபூ ஷிஹாப் ஊற்றினார். அபூ மதர் கோப்பையை வாங்கி, குடிக்காமல், தன் முழங்காலுக்கு முன்னால் தரையில் வைத்தார்.

லுப்னா என்னைப் பார்த்தாள். நகரத்துப் பெண்ணானாலும் அவளுக்கும் தெரியும். ஒரு காரியம் கேட்டு வந்தவன் கோப்பையைக் கீழே வைத்தால், நடக்கும் என்று வீட்டுக்காரன் சொல்கிற வரை குடிக்க மாட்டான். குடிக்காமல் எழுந்து போனால் அந்த வீட்டுக்குக் கேவலம்.

அபூ ஷிஹாப் தாடியைத் தடவினார். "கேக்கறது என்ன, கேளு."

"நீ இழுக்கற வீட்டை இறக்கின எடத்துல நின்னு இந்தப் பொண்ணுக்கு ஒரு போன் போடணும். நீ மட்டும் இல்ல, ஆறு பேரும். நீ சொன்னா மத்த நாலு பேரும் கேப்பாங்க."

"போட்டா? எந்த வீடு எங்க போச்சுன்னு தெரிஞ்சா நாளைக்கு வண்டியைப் புடுங்குவான். யாரு எங்க இருக்கான்னு ஒரு படத்துல எழுதி வெச்சா, அந்தப் படம் நாளன்னைக்கு யாரு கைக்குப் போகும்? எங்க அண்ணன் பேரு ஒரு பட்டியல்ல இருந்துச்சு. அதோட கதை உனக்குத் தெரியும்."

தெரியும். நாங்கள் எல்லோரும் ஆளைப் பிடித்துக்கொண்டு போகிற அந்த மாதிரிப் பட்டியல்களுக்குப் பயந்துதான் இந்தப் பக்கம் வந்தோம்.

லுப்னா திரைக்கு இந்தப் பக்கத்திலிருந்து பேசினாள். "படத்துல பேரே வேண்டாம், அபூ ஷிஹாப். போன் நம்பரும் வீடும் மட்டும். ரிங் வந்த வீடு மட்டும் திரையில தெரியும், மத்தது தெரியாது. அப்படிச் செய்ய முடியும். முதல்ல அப்படி இல்ல. உங்க பேச்சைக் கேட்டுத்தான் சொல்றேன்."

"வண்டி?"

"அது ஆபீஸ் கையில இருக்கு" என்றாள் லுப்னா. அபூ ஷிஹாப் தரையிலிருந்த கோப்பையைப் பார்த்தார். அப்புறம் அபூ மதரைப் பார்த்து, "பாதி குடிச்சுக்கோ" என்றார். "வண்டியைத் தொட மாட்டோம்னு ஆபீஸ்ல சொன்னப்புறம் வந்து மீதியைக் குடி."

அப்படி ஒரு வழக்கம் ஹவ்ரானில் எங்கேயும் கிடையாது. ஆனால் அபூ மதர் பாதி குடித்தார். மீதியை ஒரு தட்டால் மூடி அலமாரியில் வைத்தார் அபூ ஷிஹாப். பெண்கள் பக்கம் நாங்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம்.

அடுத்த நாள் நாங்கள் நாலு பேர் அலுவலகம் போனோம். ஃபித்தா பத்தடிக்கு ஒரு முறை நின்று நின்றுதான் வந்தாள், வரவேண்டாம் என்றாலும் கேட்கவில்லை. முகாம் அதிகாரி வெளிநாட்டுக்காரர், ஒல்லியான உயரமான மனிதர், கெட்டவர் இல்லை. ஆனால் எதற்கும் "மேலிடத்தில் கேட்க வேண்டும்" என்பதே அவர் பதில். பக்கத்தில் ஜோர்டான் போலீஸ் காப்டன் உட்கார்ந்திருந்தார். லுப்னா எல்லாவற்றையும் இங்கிலீஷில் விளக்கினாள். அதிகாரி மேலிடத்தில் கேட்க வேண்டும் என்றார். காகிதக் கோப்பையில் காப்பி வந்தது.

அபூ மதர் வாங்கினார். செருப்புக்குப் பக்கத்தில் தரையில் வைத்தார்.

அதிகாரி பார்த்தார். சர்க்கரை பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்தாரோ என்னவோ, சர்க்கரை போடாத இன்னொரு கோப்பை கொண்டுவரச் சொன்னார். அபூ மதர் நன்றி சொல்லி வாங்கி, அதையும் முதல் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தார். அதிகாரி பதறிப்போய் தேநீர் கொண்டுவரச் சொன்னார். தேநீரும் தரைக்குப் போயிற்று. காப்டன் நாற்காலியில் நெளிந்துகொண்டிருந்தார். கழுத்தில் வேர்த்துவிட்டது அவருக்கு. பாலைவனத்துக் குடும்பத்துப் பிள்ளை, எத்தனை நேரம் பார்த்துக்கொண்டிருப்பார்?

"சார், போதும், இனிமே எதுவும் கொண்டாரச் சொல்லாதீங்க" என்றார். "இவரு உங்ககிட்ட ஒண்ணு கேட்டு வந்திருக்காரு. நீங்க சரின்னு சொல்ற வரைக்கும் குடிக்க மாட்டாரு."

"மாட்டேன்னு சொன்னா?"

"குடிக்காம எழுந்து போவாரு. இந்த அறைக்கு அவமானம். நானும் இந்த அறையிலதான் உக்காந்திருக்கேன்."

லுப்னா அவர்கள் பேச்சை இரண்டு பக்கமும் மொழிபெயர்த்து முடிக்கும்வரை அபூ மதர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதிகாரி தரையில் இருந்த மூன்று கோப்பைகளையும் பார்த்தார், என் அக்காவையும் பார்த்தார். அவள் விசில் சத்தத்தோடு மூச்சு விட்டுக்கொண்டு அவரையே பார்த்தாள். கடைசியில் ஒரு மாதம் தருகிறேன் என்றார். ஒரு மாதம் எந்த வீடும் திரும்ப வேண்டாம், எந்த வண்டியையும் தொடமாட்டார்கள். அந்த மாதத்தில் தனக்குத் தோன்றுகிற நேரத்தில், தோன்றுகிற வீட்டிலிருந்து ஒரு மிஸ்டு கால் கொடுக்க வைப்பார். பத்து நிமிடத்துக்குள் ஆம்புலன்ஸ் அந்த வாசலில் நிற்க வேண்டும். ஒரு தடவை தவறினாலும் பழைய உத்தரவுதான்.

அபூ மதர் குனிந்து மூன்றில் ஒரு கோப்பையை எடுத்துக் குடித்தார். "ஒரு மாசத்துக்கு இது போதும்" என்றார். காப்டன் அறையை விட்டு வெளியே போய்ச் சிரித்ததை நான் சன்னல் வழியாகப் பார்த்தேன்.

அந்த மாதம் மாதிரி ஒரு மாதத்தை நான் பார்த்ததில்லை. வீட்டுக்கு வீடு போய் எண்ணைச் சேர்த்தோம். நான் உடுப்பு பார்க்க வந்தவர்களையும் விடவில்லை, முதலில் போன் நம்பர், அப்புறம்தான் கவுன். லுப்னா பட்டனைத் தூக்கிப் போட்டுவிட்டு, ஆம்புலன்ஸுக்கு மிஸ்டு கால் கொடுக்க ஓர் எண் வைத்தாள். ரிங் வந்தால் ஆம்புலன்ஸ் அறையில் ஒரு திரையில் அந்த வீடு இப்போது நிற்கிற இடம் சிவப்பாகத் தெரியும், அவ்வளவுதான். ஆறு பேரும் வீட்டை இறக்கியதும் வாசலில் நின்று போன் போட்டார்கள். அபூ ஷிஹாப் பேசவே மாட்டார் என்றார்களே, அவர்தான் எல்லோரையும்விட அதிகம் பேசினார். "வீடு கொஞ்சம் தெக்கால சாஞ்ச மாதிரி வெச்சிருக்கேன், கதவு மேற்க, வாசல்ல ஒரு சிவப்பு வாளி" என்று லுப்னாவுக்கு முழு ஜாதகமும் சொல்வார்.

அதிகாரி எட்டு முறை சோதித்தார். ஒரு முறை சந்தையில் மீன் கடைக்காரன் வீட்டிலிருந்து. ஒரு முறை அதிகாலையில் தொழுகைக்கு எழுந்தவர்களைப் பிடித்து. எட்டும் பத்து நிமிடத்துக்குள். அதிகமாக ஆனது ஒன்பது நிமிடம், அன்று டயர் பஞ்சர்.

இருபத்துமூன்றாம் நாள் மதியம் புழுதிக் காற்று எழுந்தது. நான் கடையில் ஒரு கல்யாணப் பெண்ணின் முதுகில் ஊசி குத்திக்கொண்டிருந்தேன். மூன்று நிமிடத்தில் தெருவின் மறுபக்கம் தெரியாமல் போயிற்று. வானம் காவி நிறமாகிவிட்டது. என் போன் ஒரு ரிங் அடித்து நின்றது.

அக்கா.

கவுனை அப்படியே விட்டுவிட்டு ஓடினேன். சந்தையிலிருந்து எட்டாம் வட்டம் எனக்குத் தெரியாத வழியா? அன்று தெரியவில்லை. இரண்டு இடத்தில் கயிற்றில் தடுக்கி விழுந்தேன். வாய் முழுக்க மண். ஐம்பத்தைந்து நிமிடம், ஐம்பத்தைந்து நிமிடம் என்று எனக்குள்ளேயே சொல்லிக்கொண்டு ஓடினேன். அபூ மதர் அன்று பன்னிரண்டாம் வட்டத்தில், முகாமின் மறுகோடியில், ஒரு வீட்டைப் பாதி தூக்கிய நிலையில் இருந்தார். அவருக்கும் ரிங் போயிருக்கிறது. ஜாக்கியை அப்படியே போட்டுவிட்டு ஓடி வந்தாராம்.

நான் முற்றத்துக்குள் நுழைந்தபோது கதவு திறந்து கிடந்தது. கட்டில் காலி. போர்வை தரையில். எங்களுக்கு இப்படித் திறந்து கிடக்கிற கதவின் அர்த்தம் வேறு: ஆளைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். போர்வையைத் தூக்கிப் பார்த்தேன். அக்கா என்று கத்தினேனா, இல்லை கத்தியதாக நினைத்தேனா, தெரியாது.

பக்கத்து வீட்டு உம் கஸ்ஸான் முகத்தில் துணியைச் சுற்றிக்கொண்டு வந்தாள். "எதுக்கு ஒப்பாரி வெக்கறே? கூட்டிட்டுப் போயிட்டாங்களே!"

"எப்போ?"

"அப்பவே. காத்து எழுந்த உடனே வந்து நின்னாங்க. டிரைவரு இது அதிகாரியோட சோதனைன்னு நெனச்சுட்டானாம், இந்தக் காத்துல கூடவான்னு திட்டிக்கிட்டே எறங்கினான். உள்ள போய்ப் பாத்ததும் வாயடைச்சுப் போச்சு. மூக்குல கொழாய் வெச்சுத் தூக்குனப்ப உங்கக்கா செருப்பைக் கேட்டா. அவன் குடுக்கல. அதுக்கு அவனைத் திட்டிக்கிட்டே போறா."

திட்டிக்கொண்டே போகிறாள் என்றால் மூச்சு இருக்கிறது. நான் அந்தக் கதவில் சாய்ந்துகொண்டு அழுதேன்.

உத்தரவு ரத்தானது, ஆறு வண்டிகளுக்கும் அனுமதிச் சீட்டு கொடுத்தது, அபூ மதர் போய் அந்த அலமாரியிலிருந்த மீதிக் காப்பியைப் பூஞ்சை பிடித்த நிலையிலும் ஒரு வாய் குடித்தது எல்லாம் பிறகு நடந்தவை. எல்லோருக்கும் தெரிந்தவை. ஆம்புலன்ஸ் அன்று ஏழு நிமிடத்தில் வந்தது என்று காகிதத்திலும் இருக்கிறது. என் மனதில் நிற்பது வேறு.

நான் அழுதுகொண்டிருந்தபோது புழுதிக்குள்ளிருந்து அபூ மதர் வந்தார். தலைத்துணி இல்லை, ஒரு கால் செருப்பு இல்லை, முகமெல்லாம் மண், அதில் கண்ணீர் இரண்டு கோடு. திறந்த கதவையும் காலிக் கட்டிலையும் பார்த்தார். நான் கதவிலிருந்து நிமிர்ந்தேன். உம் கஸ்ஸான்தான் முந்திக்கொண்டாள். "ஆம்புலன்ஸ் வந்துருச்சு அபூ மதர். கூட்டிட்டுப் போயிட்டாங்க. பேசிக்கிட்டேதான் போனாங்க."

அவர் தலையாட்டினார். ஓட வேண்டும் என்று திரும்பினார். இரண்டடி வைத்தார், நின்றார். இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். இந்த முகாமில் பாதி வீடுகளைத் தன் கையால் இழுத்து வைத்த மனிதர், நடு முற்றத்தில் வழி தெரியாத குழந்தை மாதிரி நின்றார்.

"உம் ஹைதம்," என்றார். "ஆஸ்பத்திரி எந்தப் பக்கம்?"

நான் அவர் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனேன்.